குணமணியும் ஓடாத கசெற்றுகளும்

1999ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பதினான்காம் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டே கால் மணிக்குக் குணமணி ஒரு தாராவை வேண்டுமென்றே சாகவிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியேதான். செருப்புக் கழற்றாத கால்களில் உடம்பின் பாரத்தை இடமும் வலமுமாக மாற்றிக்கொண்டு, பொத்தான்கள் பதித்த கைப்பிடியை நெஞ்சுயரத்தில் ஏந்தி, தொலைக்காட்சித் திரையிலிருந்த அந்த வாத்தை ஆற்றுக்குள் இறக்கினார். முதலை விழுங்கியது. மறுபடியும் இறக்கினார். இம்முறை பாறையில் மோதியது. அந்தத் தாரா எத்தனை விதமாகச் சாகக்கூடும் என்பதை அவர் அறிந்தாக வேண்டும். அது அவருடைய தொழில்.

அந்த வேளையில் உட்துறைமுக வீதியின் இரு முனைகளையும் இராணுவம் மறித்துச் சோதனை நடத்திக்கொண்டிருந்தது. வீதியின் நடுவில் அகப்பட்ட பல்கீஸ், தைத்த ரவிக்கைகள் நிறைந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு, திறந்திருந்த முதல் கடைக்குள் ஏறினாள். அவள் குறிஞ்சாக்கேணிக்காரி. சனிக்கிழமைதோறும் பட்டினத்துப் புடைவைக் கடையொன்றில் தையலை ஒப்படைத்துவிட்டு, பஸ் பிடித்துக் கிண்ணியாத் துறைக்கு வந்து, ஊரார் பாதை என்று சொல்லும் மிதவையில் ஏறி அக்கரை போகிறவள். பொழுதுபடுமுன் கடைசிப் பாதை போய்விடும். ஆதலால் சனிக்கிழமைகளில் அவளுடைய வயிற்றுக்குள் ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டேயிருக்கும்.

கடைக்குள் நின்ற பெண், குணமணி, திரும்பிப் பார்க்கவில்லை. தொலைக்காட்சிக் கண்ணாடியில் தெரிந்த நிழலைக் கண்டே ஆள் வந்ததை அறிந்திருந்தார்.

"கதவடியில நிக்காதையுங்கோ. உள்ள வந்து இதைப் பிடியுங்கோ. தனியச் சாகிறது அலுப்பா இருக்கு" என்று இரண்டாவது கைப்பிடியை நீட்டினார்.

பல்கீஸ் வாழ்க்கையில் அப்படியொரு பொருளைத் தொட்டதில்லை. ஆயினும் வீதி திறக்கும்வரை செய்வதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. வாங்கிக்கொண்டாள். அன்று இருவருமாகச் சேர்ந்து தாராவைச் சாகடித்தார்கள். வீதி திறந்தபோது பல்கீஸ் பையை மறந்துவிட்டு ஓடி, பாதிவழியில் திரும்பிவந்து எடுத்துப் போனாள். அடுத்த சனிக்கிழமை, வீதி மறிக்கப்படாமலேயே வந்தாள்.

அந்தக் கடை குணமணியின் அக்காள் கணவர் இராசநாயகத்துக்குச் சொந்தமானது. படக் கசெற்றுகளோடு ரீவி கேம் பெட்டிகளையும் நாள் கணக்கில் வாடகைக்கு விடுவார். உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் நிறமான விளையாட்டுக் கசெற்றுகளைக் கொழும்பிலிருந்து பெட்டியோடு அனுப்புவார்கள். அவற்றின் முகப்பில் இருப்பவை என்ன எழுத்துகள் என்று பட்டினத்தில் எவருக்கும் தெரியாது. வாடிக்கையாளர் கேட்பதோ மூன்று நான்கைத்தான். துப்பாக்கியால் சுடும் துவக்குச் சண்டை, கார் ஓட்டம், பந்து. மற்றவை தட்டில் தூசு பிடித்துக் கிடக்கும். இராசநாயகத்தின் வாயில் அவற்றுக்குப் பெயர் "ஓடாத கசெற்". அவற்றை ஓட வைக்கும் பொறுப்பு, வேறு வேலை தேடிக்கொண்டிருந்த மைத்துனியின் தலையில் விழுந்தது. முப்பத்துநான்கு வயதில், திருமணமாகாமல், அக்காள் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்த குணமணி அதற்கு முன் ஒரு விளையாட்டையும் ஆடியதில்லை.

அவர் கண்ட வழி இதுதான். ஓடாத கசெற் ஒவ்வொன்றையும் அதன் அடிமுடி தெரியும்வரை ஆடுவார். பிறகு மண்ணிறப் பசைத்தாளில் ஒரு துண்டு வெட்டி, அதில் பெயரும் இரண்டு மூன்று வசனமும் எழுதிக் கசெற்றின் முதுகில் ஒட்டுவார். பெயரும் அவர் இட்டதே. தாராவின் முதுகில் இப்படி எழுதினார்: "தாரா நல்ல தாரா. ஆறுதான் சரியில்லை. நீச்சல் தெரியாத ஆக்களும் எடுக்கலாம்."

நல்லது என்றோ கூடாது என்றோ அவர் எழுதுவதில்லை. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதே அவருடைய அக்கறை. "சத்தம் கூட. கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஆகாது. சத்தத்தைக் குறைச்சா அருமையான கேம்" என்று ஒன்றுக்கு. "பழம் சேர்க்கிற கேம். சேர்த்து என்ன செய்யிறதெண்டு கடைசிவரைக்கும் சொல்ல மாட்டினம்" என்று இன்னொன்றுக்கு. வாள் ஏந்திய பூனை ஒன்று மாடிமாடியாக ஏறும் விளையாட்டுக்கு, "இதில சாவு கூட. ஆனா எல்லாம் நியாயமான சாவு" என்று எழுதினார். பல்கீஸ் அதை வாசித்துச் சிரித்தாள். குணமணி சிரிக்கவில்லை. பூனை விழும் இடங்களை எல்லாம் ஆராய்ந்து பார்த்துத்தான் எழுதியதாகச் சொன்னார்.

மீன்பிடி விளையாட்டொன்றின் கதை துறைமுகப் பக்கத்தில் கொஞ்சம் பிரசித்தம். "மீன் பிடிக்கிற கேம். கடலுக்குப் போற ஆக்கள் எடுக்காதையுங்கோ, கோவம் வரும்" என்று எழுதியிருந்தார். சல்லிக் கரையில் வலை இழுக்கும் செல்லத்தம்பி அந்தத் துண்டை வாசித்துவிட்டு, அதற்காகவே எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் திரும்பிவந்து, எந்தக் கடலில் மீன் பின்பக்கமாக நீந்துகிறது என்று இராசநாயகத்தோடு வாதாடினார். அடுத்த கிழமை அதையே மறுபடியும் எடுத்தார். பார்ப்போமே, ஒருவேளை அது வேறு மீனாக இருக்கும் என்றாராம்.

துவக்குச் சண்டைக் கசெற்றுகளுக்கு மட்டும் அவர் ஒன்றும் எழுதவில்லை. "அதுக்கு என்னத்தை எழுத? சனம் தானா எடுக்குது" என்று தள்ளிவிட்டார். அவற்றை ஆடுவதும் இல்லை.

குணமணி ஒருபோதும் உட்கார்ந்து இருப்பதில்லை. கடையில் இரண்டு கதிரைகள் உண்டு. ஒன்றில் பல்கீஸ் இருப்பாள். மற்றதில் குணமணியின் கைப்பை இருக்கும். சாப்பிடுவதும் நின்றபடி, தேநீர் குடிப்பதும் நின்றபடி. ஏனென்று பல்கீஸ் ஒருநாள் கேட்டதற்கு, "இருந்தா எழும்ப நேரம் போகும்" என்றார். வெருகலுக்கு அண்மையில் கடலோரமாக இருந்த அவருடைய ஊரிலிருந்து மூன்று முறை எழும்பி ஓடியவர் அவர். ஒரு தடவை அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. ஒரு தடவை தலைமுழுகிய ஈரத்தோடு. அவற்றை அவர் சோகக் கதையாகச் சொல்வதில்லை. ஆடி அலுத்த விளையாட்டைப் பற்றிச் சொல்வதுபோல, எந்த இடத்தில் எதைப் பிழையாகச் செய்தார்கள் என்று சொல்வார். சோற்றை வடித்திருக்க நேரம் இருந்தது என்பது அவருடைய தீர்ப்பு.

தொலைக்காட்சியை அவர் சற்றுக் கோணலாக வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. வாசல் அதன் கண்ணாடியில் நிழலாக விழ வேண்டும். திரையில் ஓடும் தாராவுக்கு மேலாக, வீதியில் போகும் சைக்கிளும் ஜீப்பும் மெல்லிய உருவங்களாக நகரும். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க அவருக்கு முடியும். பல்கீசுக்குப் பழக இரண்டு மாதம் எடுத்தது. சத்தத்துக்கும் ஒரு முறை இருந்தது. வெளியே எங்காவது இடி கேட்டால், குணமணியின் கை தானாகவே சத்தக் குமிழுக்குப் போய் அதைத் திருகிவிடும். வெடித்தது பெட்டிக்குள்ளா வெளியிலா என்று தெரிய வேண்டும். பெரும்பாலும் துறைமுகத்தில் கடற்படையினர் தண்ணீருக்குள் போடும் வெடிதான். அலுமாரிக் கண்ணாடிகள் ஒருமுறை கிலுங்கி அடங்கும். "தண்ணி வெடி" என்று சொல்லிவிட்டுச் சத்தத்தைக் கூட்டுவார். மற்ற வெடியானால் கசெற்றைக் கழற்றிக் கைப்பையில் போடுவார்.

மின்சாரம் நின்றால் விளையாட்டும் முதலிலிருந்துதான். அந்தப் பெட்டிகளுக்கு ஞாபகம் இல்லை. சுற்றிவளைப்பென்று இராணுவம் எல்லோரையும் மைதானத்துக்கு அழைத்துப் போனாலும் அப்படித்தான். ஒருமுறை பாதியில் நிறுத்திவைத்த விளையாட்டை அப்படியே விட்டுவிட்டு அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போய், மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்று திரும்பிவந்தபோது, திரை கறுத்துக் கிடந்தது. குணமணி பெட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "ஒண்டையாவது முடிச்சுப் பாக்கோணும்" என்றார். அன்றுதான் அந்த ஆசை அவர் வாயில் வந்தது. பிறகு அது இருவருடையதுமாயிற்று.

முடித்துப் பார்ப்பதற்கு அவர்கள் தெரிந்தெடுத்தது, கொழும்புப் பெட்டியில் வந்தவற்றுள் ஒருவரும் ஒருநாளும் எடுக்காத ஒன்று. "தண்ணிக்குடம்" என்று குணமணி பெயரிட்டார். சிவப்பு உடுத்த ஒரு சின்ன உருவமும் பச்சை உடுத்த ஒரு சின்ன உருவமும் தலையில் குடத்தோடு ஒரு கோட்டைக்குள் நடந்து போகும். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத உருவங்கள். பெண்டுகள் என்று இருவரும் முடிவு செய்தார்கள். சிவப்பு குணமணி, பச்சை பல்கீஸ். ஒருவரையொருவர் ஊடறுத்துப் போக இயலாது. ஒடுங்கிய இடங்களில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். "கிண்ணியாப் பாதையில ஏறுற மாதிரி இடிக்காதை, புள்ள" என்று குணமணி அதட்டுவார். நடக்க நடக்கக் குடத்துத் தண்ணீர் குறைந்துகொண்டே வரும். வழியில் ஏழு வாசல்கள். வாசலுக்கு ஒரு காவற்காரன், தொப்பியும் மண்ணிற உடுப்புமாக. கிட்டப் போனதும் அவன் கையை உயர்த்துவான். இருவரும் நிற்பார்கள். நெடுநேரம் கழித்து அவன் கை இறங்கும். அப்புறம் நடப்பார்கள்.

ஒவ்வொருவருக்கும் மூன்று உயிர்கள். உயிர் முடிந்தவள் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமத்தினால், மற்றவளிடம் மிச்சமாக இருக்கும் உயிரொன்று இவளுக்கு வந்துவிடும். இது விளையாட்டில் இருந்த விதி. இதன்மேல் குணமணி தம்முடைய விதியொன்றை ஏற்றினார். வாங்கிய உயிரை அடுத்த சனிக்கிழமை திருப்பித் தர வேண்டும். முதல் வாசலுக்கு முன்னால் கட்டில்லாத ஒரு கிணறு இருந்தது. கடன்பட்டவள் ஆட்டம் தொடங்கியதும் தன் உருவத்தை நடத்திப்போய் அந்தக் கிணற்றுக்குள் விழுத்தி, தன் உயிரில் ஒன்றைக் கழித்த பிறகுதான் பயணம்.

பெரும்பாலும் கடன்பட்டவள் பல்கீஸ். குணமணி அதை ஒருநாளும் மறந்ததில்லை. நோன்பு காலத்தில் நாவரண்டு வந்து இருந்தாலும், காய்ச்சலோடு வந்தாலும், கைப்பிடியைக் கொடுக்கும்போது, "முதல்ல கடன்" என்பார். பச்சைப் பெண் போய்க் கிணற்றில் விழுவாள். புடைவைக் கடை முதலாளிகூட இப்படி நெருக்குவதில்லை என்று பல்கீஸ் முணுமுணுப்பாள். "அவருக்கு உன்னோட விளையாட விருப்பமில்லை, அதான்" என்று பதில் வரும்.

எவ்வளவு கெட்டித்தனமாக நடந்தாலும் நான்காம் வாசலுக்கும் ஐந்தாம் வாசலுக்கும் இடையில் குடங்கள் காய்ந்துவிடும். பெண்டுகள் இருவரும் மண்ணில் சரிவார்கள். மாரி வந்து போயிற்று, கச்சான் காற்று வந்தது. இரண்டு கைப்பிடிகளுள் பல்கீசினுடையது உப்புக் காற்றில் இறுகி, வலப்பக்கம் நடத்தும் பொத்தான் அமத்தினால் எழும்பாமற் போகத் தொடங்கியது. ஆட்டத்துக்கு முன் குணமணி பஞ்சில் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர் தொட்டு அதைத் துடைத்துக் கொடுப்பார். கடை முழுவதும் காய்ச்சல்காரன் அறைபோல மணக்கும்.

கடைசியில் அவர் தண்ணிக்குடத்துக்கும் துண்டு எழுதி ஒட்டினார். "முடிக்க ஏலாது. தண்ணி காணாது. செய்தவன் பிழையாச் செய்திருக்கிறான்." அவர் எழுதியவற்றுள் கோபத்தோடு எழுதிய துண்டு அது ஒன்றுதான். ஒட்டிய பிறகும் அவருக்கு அமைதியில்லை. ஓடாத கசெற்றைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கை உண்டு. ஒன்றில் கசெற்றில் பிழை இருக்கும், அல்லது ஆடுகிறவரில் பிழை இருக்கும். எதில் என்று தெரியும்வரை விடக்கூடாது. அதனால் ஒட்டியதன் மறுநாளே, கடையில் ஆளில்லாத வேளைகளில் தனியாகச் சிவப்புப் பெண்ணை நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரமாம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பல்கீஸ் கைப்பிடியை வாங்காமல், குவைத்துக்குப் போக விசா வந்துவிட்டதென்று சொன்னாள். ஒரு வீட்டில் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். வாப்பாவின் தோணியைக் கடற்படை கடலுக்கு விடுவதில்லை. தையலை நம்பி ஆறு பேர் இருக்க இயலாது. வியாழக்கிழமை கொழும்புக்குப் போக வேண்டும். அப்படியானால் இன்றும் அடுத்த சனியும் இருக்கிறதா என்று குணமணி கேட்டார். இல்லை, இந்த வியாழன்தான் என்றாள் பல்கீஸ்.

குணமணி கால் மாற்றி நின்றார். வீதியைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். அன்று பஸ்ஸைச் சீனக்குடாவில் மறித்து எல்லோரையும் இறக்கிச் சோதித்ததால் பல்கீஸ் வந்ததே நேரம் பிந்தி. கடைசிப் பாதைக்கு அதிகம் இல்லை. முடிவைப் பார்ப்பதானால் இந்த ஓர் ஆட்டந்தான். குணமணி பஞ்சையும் தேடவில்லை, ஓடிக்கொலோனையும் தேடவில்லை. கசெற்றை வாயால் ஊதிச் செருகினார். அன்று கடன் ஒன்றும் இருக்கவில்லை. பயணம் தொடங்கியது.

முதலாம் வாசலில் நின்றார்கள். இரண்டாம் வாசலில் காவற்காரன் கையை உயர்த்தினான். சிவப்புப் பெண் நின்றாள். பச்சைப் பெண் நிற்கவில்லை. பொத்தான் இறுகிவிட்டது. பல்கீஸ் பெருவிரலை எடுத்த பிறகும் அந்த உருவம் தலையில் குடத்தோடு உயர்த்திய கையை நோக்கி நடந்துகொண்டிருந்தது.

"நில், புள்ள." குணமணியின் கை வந்து பல்கீசின் தோளைப் பற்றியது. பற்றிய விதம் விளையாட்டுக்குரியதல்ல. கதிரையில் இருந்த பல்கீஸ் பாதி எழும்பிவிட்டாள்.

பச்சைப் பெண் காவற்காரனைக் கடந்து, வாசலைத் தாண்டி, அப்பால் போய்ச் சுவரில் முட்டி நின்றாள். காவற்காரன் ஒன்றும் செய்யவில்லை. உயர்த்திய கையை உள்பக்கமாக அசைத்தான். அவ்வளவுதான்.

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை மாதம் பார்த்தும் காணாத ஒன்று அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த வாசலில் கதவு இல்லை. எந்த வாசலிலும் கதவு இருந்ததில்லை.

"இவ்வளவு நாளும் அந்த மனிசன் வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிட்டிருக்கிறான்" என்றார் குணமணி. பல்கீசின் தோளிலிருந்து கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "நாங்கள் நிண்டிட்டம்."

பிறகு நிற்கவில்லை. மூன்று, நான்கு, ஐந்து என்று கை உயர உயரக் கடந்தார்கள். குடத்தில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. ஐந்தாம் வாசலுக்கு அப்பால் அவர்கள் ஒருநாளும் காணாத தேசம். மேலிருந்து கல் விழுந்தது, பக்கத்திலிருந்து நாய் பாய்ந்தது. இறுகிய பொத்தானோடு மல்லுக்கட்டிய பல்கீசின் மூன்று உயிர்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. குணமணிக்கு நடக்கும் உயிரும் மிச்சமாக ஓர் உயிரும் இருந்தன.

பல்கீஸ் கைப்பிடியை மடியில் வைத்தாள். "நீங்க போங்கக்கா. நான் பாத்திட்டு இரிக்கன்."

"எடு."

"அடுத்த சனி நான் இல்லியேக்கா. எப்பிடித் தாற?"

"எடு எண்டுறன்."

பல்கீஸ் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமத்தினாள். பச்சைப் பெண் எழுந்தாள். அப்பால் ஒரு மரப்பாலம். குணமணியின் பெண் முன்னால் நடந்தாள். பாலத்தின் நடுவில் நாய் பாய்ந்தபோது அவள் விலகவில்லை. விலகியிருந்தால் பின்னால் வந்தவளில்தான் அது விழுந்திருக்கும். சிவப்பு உருவம் இரண்டு முறை மின்னி மறைந்தது. குணமணி கைப்பிடியை மேசையில் வைத்துவிட்டுத் திரைக்குக் கிட்டப் போய் நின்றார். கண்ணாடியில் விழும் வாசலின் நிழலை மறைத்துக்கொண்டு அவர் நின்றதைப் பல்கீஸ் அன்றுதான் கண்டாள்.

ஏழாம் வாசலுக்கு அப்பால் ஒரு சிறிய தோட்டம். அதில் பட்டுப்போன இரண்டு மரங்கள். பச்சைப் பெண் தன் குடத்தை ஒரு மரத்தடியில் கவிழ்த்தாள். அது இலை விட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பூத்தது. மற்ற மரம் பட்டபடியே நின்றது. பாட்டு ஒன்றும் வரவில்லை. படம் அப்படியே நின்றுவிட்டது.

"அப்ப முடிவு இருக்கு" என்றார் குணமணி. சற்றுப் பொறுத்து, "ஓடு. பாதை போயிடும்" என்றார்.

பல்கீஸ் ஓடினாள். பஸ் பிடித்துத் துறைக்கு வந்து, பாதை கரையை விட்டு நகரும்போது ஏறினாள். மூச்சு ஆறியபோதுதான் குணமணியிடம் பயணம் சொல்லிவிட்டு வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அவள் போன பிறகு குணமணி பழைய துண்டைக் கிழித்துவிட்டுப் புதியதொன்று ஒட்டினார். "கை தூக்கிறவன் நிக்கச் சொல்லேல்லை. நில்லாமப் போங்கோ." இராசநாயகம் அதை வாசித்துவிட்டுக் கடைக் கதவைச் சாத்தினாராம். சோதனைச் சாவடிக்கு நூறு யார் தூரம் தள்ளியிருக்கும் கடையில், தமிழ் வாசிக்கத் தெரிந்த பொலிஸ்காரர் வாராவாரம் படம் எடுக்க வரும் கடையில், இப்படியொரு வாசகத்தோடு கசெற் இருந்தால் இருவரும் எங்கே போவோம் என்று கேட்டு, நகத்தால் சுரண்டிக் கிழித்தார். அத்தான் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று குணமணி ஒப்புக்கொண்டார். மூன்றாம் துண்டு இப்போதும் அதன் முதுகில் இருக்கிறது. "தண்ணி காணும். செய்தவனில பிழையில்லை."

குவைத்தில் பல்கீஸ் இருந்த வீட்டுப் பிள்ளைகளிடம் மிகப் பெரிய விளையாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. அவள் தினமும் அதன் தூசைத் துடைப்பாள். கைப்பிடியைத் துடைக்கும்போது பெருவிரல் தானாகவே வலப்பக்கப் பொத்தானில் போய் நிற்கும். அது எழும்பித்தான் இருந்தது. இரவில் கண்ணை மூடினால் பூத்த மரம் வராது. மற்றதுதான் வரும்.

2002ஆம் ஆண்டின் கடைசியில் அவள் திரும்பினாள். போர்நிறுத்தம் வந்து பல மாதமாகியிருந்தது. சீனக்குடாவில் பஸ்ஸை ஒருவரும் மறிக்கவில்லை. சாவடிக்குள் கதிரையில் இருந்த சிப்பாய் எழும்பாமலேயே கையை உயர்த்தினான். சாரதி பழக்கத்தில் வேகத்தைக் குறைத்து, பிறகு போனார். வந்த முதற் சனிக்கிழமையே பல்கீஸ் உட்துறைமுக வீதிக்குப் போனாள்.

கடையில் இப்போது பளபளக்கும் வட்டத் தட்டுகள் நிறைந்திருந்தன. மஞ்சள் கசெற்றுகள் மேசைக்குக் கீழே ஒரு பெட்டியில் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் மண்ணிறத் துண்டு. குணமணி அதே இடத்தில், செருப்போடு, கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். கதிரையில் கைப்பை. தொலைக்காட்சி அதே கோணலில். சமாதானம் வந்துவிட்டதே, இனியாவது இருக்கலாமே என்று பல்கீஸ் கேட்டாள். "பாப்பம். இது முதலாம் வாசல்தானே" என்றார். மெலிந்துபோனாய் என்றார். வாப்பா கடலுக்குப் போகிறாரா என்று விசாரித்தார். மேசை இலாச்சியிலிருந்து பஞ்சையும் ஓடிக்கொலோனையும் எடுத்து, இரண்டாவது கைப்பிடியின் பொத்தானை நீண்ட நேரம் துடைத்தார். கடை மணத்தது. கசெற்றை ஊதிச் செருகினார்.

பல்கீஸ் கதிரையில் இருந்து, "முதல்ல கடன்" என்ற சொல்லுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. மறந்திருக்க வழியில்லை. அவளாகவே பொத்தானை அமத்தினாள். துடைத்த பொத்தான் மெதுவாக இயங்கியது. பச்சைப் பெண் குடத்தோடு கிணற்றை நோக்கி நடந்தாள்.

பின்னாலிருந்து சிவப்புப் பெண் துள்ளி முன்னே வந்தாள். கிணற்றின் விளிம்பில், விழுவதற்கு ஓரடி இருக்கையில், குறுக்கே நின்றாள். பல்கீஸ் மீண்டும் அமத்தினாள். முட்டியதே தவிர நகரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். குணமணி திரையைப் பார்க்கவில்லை. வீதியில் போகும் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரலை மட்டும் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை.